காத்லீன் ஃபெரியரின் பாக்–ஹாண்டல் தட்டு: மோனோவா, ஸ்டீரியோவா?

ஆங்கிலேயப் பாடகி காத்லீன் ஃபெரியரைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள், இசையமைப்பாளர்கள் பாக், ஹாண்டல் இருவரின் பாடல்களோடு டெக்கா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். 1952 அக்டோபர் 7, 8 தேதிகளில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவானது. ஏட்ரியன் போல்ட் நடத்த, லண்டன் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. அடுத்த ஆண்டு அதே அக்டோபர் 8-ல், 41 வயதில், மார்பகப் புற்றுநோயால் ஃபெரியர் காலமானார். அதற்காக இதைப் பரிதாபப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. குரலில் நோயின் சுவடே கிடையாது.

மொத்தம் எட்டு பாடல்கள். பாக் நாலு, ஹாண்டல் நாலு. டிசம்பரில் சென்னைத் தேவாலயங்களில் ஹாண்டலின் 'மெசையா' கேட்பவர்களில் பலருக்கு அது 'அல்லேலூயா' கோரஸோடு சரி. இங்கே கோரஸே இல்லை, தனிக்குரல் மட்டும். பைபிளில் ஏசாயா 53-ல் 'அசட்டைபண்ணப்பட்டவரும்' என்று வரும் வசனத்துக்கு 'மெசையா'வில் ஹாண்டல் போட்ட பாட்டுதான் தட்டின் உச்சம். 1742-ல் டப்ளின் அரங்கேற்றத்தில் சூசன்னா சிப்பர் பாடியது. ஈ ஃபிளாட் மேஜர், அதாவது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை, ஸ்வரங்கள் சங்கராபரணம்தான். சொற்களைத் துண்டு துண்டாக நிறுத்தி, இடையில் வயலின்களைப் பதில் சொல்ல விட்டிருக்கிறார் ஹாண்டல். பலர் அந்த இடைவெளிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லைப் புதிதாகத் தொடங்குவார்கள். ஃபெரியரிடம் மௌனத்துக்குள்ளும் வாக்கியம் அறுபடாமல் ஓடுகிறது. மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போது அழுத்தி இருட்டாக்குவதும் இல்லை.

பாக்கின் 'யோவான் பாடுகள்' பாட்டில் வயோலா ட காம்பா என்ற, செல்லோ போன்ற பழைய தந்தி வாத்தியம் கூடவே வரும். நடுவில் தாளம் திடீரென்று பாய்ந்து, பிறகு பழைய நிதானத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தை இரண்டு முறையாவது கேளுங்கள்.

வாங்கும்போது ஏமாறுவது வேறு இடத்தில். 1952 பதிவு மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில்; ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று இரண்டு தடம். ஸ்டீரியோ வந்த பிறகு, பாடகி இல்லாத நிலையில், டெக்கா அதே போல்ட்டையும் அதே குழுவையும் உட்காரவைத்து, பழைய பதிவை ஒட்டியே வாசிக்கவைத்து, புது வாத்திய இசையை மேலே ஏற்றி 1960 வாக்கில் வெளியிட்டது. பழைய பதிவில் குரலும் வாத்தியமும் ஒரே தடத்தில் கலந்தவை. பிரித்தெடுக்க அன்று வழியில்லை. அதனால் ஸ்டீரியோவில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழுக்கள் ஒலிக்கின்றன. கேட்க இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தந்திகள் தடித்து, குரலைச் சுற்றியிருந்த காற்று போய்விடுகிறது. என் ஓட்டு மோனோவுக்கே.

ஆன்லைனில் எது எது என்று எழுதியிருக்காவிட்டால் ஹெட்போனில் முன்னிசையைக் கேளுங்கள். வயலின் ஒரு காதிலும் செல்லோ மறு காதிலும் பிரிந்தால் அது 1960 வேலை. எல்லாம் நடுவில் நின்றால் அசல். ஃபோனில் 'மோனோ ஆடியோ'வைத் தட்டினால் அசல் கிடைத்துவிடாது. அந்த இரண்டு குழுக்களும் இன்னும் நெருக்கியடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பழைய எல்பி கிடைத்தால் சில கவனங்கள். 50-களின் மோனோ பள்ளத்துக்குச் சுமார் 25 மைக்ரான் முள் பொருந்தும். இன்றைய ஸ்டீரியோ முள் 18 அல்லது அதற்கும் மெல்லியது. பள்ளத்தின் அடிவரை போய் அங்கிருக்கும் அழுக்கையும் சேர்த்துப் படிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், மேல்கீழ் அசைவால் வரும் பொரிச்சல் பெருமளவு அடங்கும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பிளேயரில் திருப்பிப் போடும் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பகுதி) இருந்தால், எல்பி பக்கம்தானா என்று பார்த்துவிட்டு வையுங்கள். பழைய 78 சுழற்சித் தட்டுகளுக்கான தடித்த முள் ஒரே ஓட்டத்தில் தட்டைக் கெடுத்துவிடும். சென்னை ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்காத தட்டு அபூர்வம். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். லேபிள் நனையக் கூடாது.

குறை என்றால் வேகம். பாக், ஹாண்டல் காலத்து (பரோக்) இசையை வாசிக்கும் இன்றைய குழுக்களின் துள்ளலுக்குப் பழகிய காதுக்கு போல்ட் கனமாகத் தெரிவார். இரண்டு லத்தீன் பாடல்கள் போக மற்றவை ஆங்கிலத்தில். பாக்கை ஜெர்மனில் கேட்டே தீருவேன் என்பவர்களுக்கு இது சரிவராது.