அண்ணாச்சி கடையா, பத்து நிமிட ஆப்பா?

அண்ணாச்சி கடையில் கூட்டம் இருக்கும்போது, "அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு கொஞ்சம் போடுங்களேன்" என்றால்தான் வேலை ஆகும். அதட்டினால் உங்கள் சீட்டு அடிக்குப் போய்விடும். நாளைக்கும் அதே முகத்தில்தான் முழிக்க வேண்டும், மாசக் கடைசியில் கடனும் சொல்ல வேண்டும். பணிவுக்குக் காரணம் நல்ல குணம் மட்டும் இல்லை, சரிதானே?

2021-இல் செப்டோ, பிளிங்கிட் போன்ற மளிகை ஆப்கள் பத்து நிமிட டெலிவரியில் இறங்கின. ஆப்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். மணி அடிக்கும், கை நீளும், கதவு மூடிக்கொள்ளும். மூன்று மாடி ஏறி வந்தவரிடம் "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருப்பார். நன்றியும் டிப்ஸ் பொத்தானாகிவிட்டது.

ஆனால் கடையையும் ரொம்பப் புகழ முடியாது. முதலாளிக்கு 'ங்க' போடுகிற அதே வாய், பொட்டலம் கட்டும் பையனை "டேய்" என்கிறது. ஆப்பில் அந்த 'டேய்'க்கு இடமே இல்லை.

மரியாதைக் கணக்கில் என் ஓட்டு அண்ணாச்சிக்குத்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் பால் தீர்ந்தால் மட்டும் ஆப்.