ஒரே தெருவில் நான்கு வாசல்கள்: ஜார்ஜ் டவுனில் இளையோருக்கான இரண்டு நாள் பட்டறை

சென்ற பள்ளி விடுமுறையில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்காகச் சிறு தன்னார்வக் குழு ஒன்று பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடத்திய பண்பாட்டுப் பட்டறையில் என் மகனைச் சேர்த்திருந்தேன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். சீனப்பள்ளியிலிருந்தும் தேசியப்பள்ளியிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்தாலும், ஓய்வு நேரத்தில் அவரவர் மொழிக்காரர்களோடுதான் சாப்பிடுகிறார்கள் என்று அவன் ஒரு நாள் இயல்பாகச் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒற்றுமை நிகழ்ச்சி என்றால் நமக்குப் பழகிப்போன வடிவம் ஒன்று உண்டு. சேலையும் பாஜு கூரோங்கும் சியோங்சாமும் அணிந்த பிள்ளைகள் மேடையேறுவார்கள். முறுக்கும் கெத்துப்பாட்டும் ஒரே மேசையில் இருக்கும். படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோம். இந்தப் பட்டறையில் மேடையே இல்லை. வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த நால்வரை ஒரு குழுவாக்கி, முன்பு பிட் ஸ்திரீட் என்றழைக்கப்பட்ட மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நடக்கவிட்டார்கள். அதன் ஒரு முனையில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி 1800இல் எழுந்த குவான் யின் கோயில். அடுத்து 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். அதற்கப்பால், கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த நிலத்தில் தமிழ் முஸ்லிம் சமூகத் தலைவர் காதர் மொய்தீன் முன்னின்று எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோயிலின் கோபுரவாசல் குயின் ஸ்திரீட்டை நோக்கியிருப்பதால், இச்சாலையில் போகிறவர்கள் அதன் பின்புறத்தை மட்டுமே பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைச் சுற்றி அழைத்துச் சென்று முன்வாசலில் நிறுத்திய பிறகே பேச்சைத் தொடங்கினார்களாம். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி தரப்பட்டது: பக்கத்தில் இருப்பவர்களின் திருநாளும் உங்கள் திருநாளும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வீர்கள்? பூக்கடைக்காரரிடமும் ஊதுவத்தி விற்பவரிடமும் பள்ளிவாசலைப் பராமரிப்பவரிடமும் பிள்ளைகள் இதைக் கேட்டு எழுதி வந்தார்கள். தொழுகை நேரத்தைப் பார்த்துத்தான் ஊர்வலம் புறப்படும் நேரத்தைக் குறிப்போம் என்று ஒரு பெரியவர் சொன்னதை என் மகன் அப்படியே எழுதியிருந்தான். அண்டை வீட்டாரோடு வாழ்வது நேரத்தையும் ஓசையையும் வழியையும் பகிர்ந்துகொள்ளும் வேலை என்பது பிள்ளைகளுக்கு இப்படித்தான் புரியும்.

மகனை அதிகம் அசைத்தது வேறொன்று. தைப்பூசத்தில் வெள்ளி இரதத்தின் முன் சீனர்களும் தேங்காய் உடைப்பதைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவன் அவன். அவனுடைய குழுவிலிருந்த சீன மாணவி, தன் பாட்டி எதற்காக நேர்ந்துகொண்டு தேங்காய் உடைக்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, நீங்கள் எதற்காக உடைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவனிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக என் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, நாம ஏன் தேங்காய் உடைக்கிறோம்?" என்று கேட்டான். தன் வழக்கத்தின் பொருளே தெரியாத பிள்ளை அடுத்தவர் வழக்கத்தை எப்படி மதித்துப் புரிந்துகொள்ளும் என்ற கேள்வி அன்றிரவு முழுவதும் எனக்குள் ஓடியது. இதில் பெற்றோராகிய நம் பங்கும் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலையில் 1867ஆம் ஆண்டு பினாங்கில் நடந்த கலவரத்தைப் பற்றிப் பேசியதற்காக ஏற்பாட்டாளர்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழப் பத்து நாள்கள் நீடித்த அந்த மோதலில், கீ ஹின் என்ற சீன இரகசியச் சங்கத்தோடு வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் குழுவினரும், அதன் எதிரியான தோ பெ கோங் சங்கத்தோடு செங்கொடி என்ற முஸ்லிம் குழுவினரும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். இருபுறமும் சீனர்களும் முஸ்லிம்களும் கலந்தே நின்றார்கள். இனங்கள் கைகோத்துவிட்டால் அமைதி தானாக வந்துவிடும் என்று பாடம் நடத்துவது எளிது. எதற்காகக் கைகோக்கிறோம் என்று கேட்கவைப்பதுதான் கடினம். இந்தியரைக் குறிக்கும் கெலிங் என்ற மலாய்ச் சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பதையும், பள்ளிவாசலின் பெயரில் மதிப்போடு நிற்கும் அதே சொல் வகுப்பறையில் வசையாக வந்து விழும்போது எப்படி வலிக்கிறது என்பதையும் மலாய் மாணவர்கள் முன்னிலையிலேயே மனம்விட்டுப் பேசவைத்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வழிநடத்துநர்களில் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லாததால், தமிழில் விரிவாகப் பேசிய முதியவர்களின் சொற்கள் மலாய்க்கு வரும்போது ஓரிரு வரிகளாகச் சுருங்கிவிட்டன. இதை அவர்களிடமே சொன்னேன்; அடுத்த முறை சரிசெய்வதாக உறுதி கூறினார்கள். இரண்டாம் நாள் பிற்பகலை பாத்திக் துணிக்கு வண்ணம் தீட்டுவதில் கழித்தது, காலைப் பேச்சின் கனத்தைக் குறைத்துவிட்டது. பட்டறை முடிந்த பிறகு பிள்ளைகள் மீண்டும் சந்திக்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதே பெரிய குறை.

மதிய உணவுடன் கட்டணம் 60 ரிங்கிட். சைவ உணவு வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆறாம் ஆண்டை முடித்த மாணவர்களை, அவர்கள் முதலாம் படிவத்தில் காலடி வைப்பதற்கு முந்தைய விடுமுறையிலேயே இதற்கு அனுப்பலாம். 13 வயது என்ற வரம்பைச் சற்றுத் தளர்த்தும்படி குழுவினரிடம் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.