குளத்தில் ஒன்று, ஊருக்குள் ஒன்று: நெல்லையின் இரண்டு பேருந்து நிலையங்கள்

தென்காசியிலிருந்து வந்துகொண்டிருந்த பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் துணிக்கடை மஞ்சள் பை, அதற்குள் எக்ஸ்ரே உறை. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். டவுன் ஆர்ச்சைத் தாண்டியதும் நடத்துனரிடம் கேட்டார்: "ஜங்ஷனில் இறங்கட்டுமா, புதுப் பஸ் ஸ்டாண்டில் இறங்கட்டுமா?" நடத்துனர் பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, இரண்டும் வேண்டாம். வண்ணார்பேட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடியுங்கள்."

மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவிட்ட இரண்டு நிலையங்களையும் அவர் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டார். திருநெல்வேலி பெரிய நகரம் அல்ல. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. இருந்தும், பேருந்து நிலையத்தை எங்கே வைப்பது என்று இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் எந்தச் சிற்றூர் நகராட்சியும் வந்து பார்க்க வேண்டிய ஊர் இது. ஊருக்கு வெளியே அரசு நிலத்தில் கட்டுவது, ஊருக்குள் இருப்பதையே இடித்துக் கட்டுவது என்ற இரண்டு வழிகளையும் நெல்லை முயன்று பார்த்துவிட்டது.

முதலில் வேய்ந்தான்குளம். வெளியூர்ப் பேருந்துகளின் நெரிசல், ஊருக்குள் சந்திப்பில் (ஜங்ஷன்) இருந்த பழைய நிலையத்தில் தாங்க முடியாமல் போனபோது, 2003இல் இங்கே புதிய நிலையம் திறந்தார்கள். பெயரே இடத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. குளத்தின் மிச்சம் இன்னமும் நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது. குளத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால், அன்றைய 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்புக்கு மேல் 30 சதவீதம் ஆறுதல் தொகை தர வேண்டும்; வழக்கு வேறு வரும். புறம்போக்குக்கு இழப்பீடு இல்லை, எதிர்த்துக் கையெழுத்துப் போட நிலச் சொந்தக்காரரும் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த 30 சதவீதம் 100 ஆகிவிட்டதால், புறம்போக்கின் மீதான சபலம் இன்று இன்னும் கூடியிருக்கிறது.

கிராமக் கணக்கில் நிலத்தின் வகைப்பாட்டைத் திருத்த ஓர் அரசாணை போதும். நிலமட்டத்தைத் திருத்துவது அப்படி அல்ல. லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்க வேண்டும். மேடாக்கிய அளவுக்குப் பக்கத்துத் தெரு பள்ளமாகும். வாய்க்காலில் வருகிற தண்ணீர் குளத்தில் தங்கி, நிறைந்தால் மறுகாலில் அடுத்த குளத்துக்குப் போக வேண்டும். நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் தண்ணீர் தங்கும் இடம் சாலையாகிறது. விழுப்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய புதிய பேருந்து நிலையமும் ஏரியில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தால் முழங்கால் தண்ணீரில் பேருந்து தேடுகிறார்கள்.

ஆனாலும் வேய்ந்தான்குளத்துக்குரிய நியாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இடம் இருக்கிறது. பேருந்து ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து, மறுபக்கம் வெளியேற முடிகிறது. நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட வாகான இடம் கிடையாது. சிக்கல் மேற்கேயும் வடக்கேயும் போகிறவர்களுக்குத்தான். தென்காசிப் பேருந்து தெற்கே வேய்ந்தான்குளத்தில் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, சந்திப்புக்கு வந்து, டவுனைத் தொட்டுத்தான் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். நெரிசலைக் குறைக்க வெளியே அனுப்பிய பேருந்து, நாள் முழுவதும் ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு நிறுவனம் தேவையில்லை. டீக்கடை மேசையில் ஊர் வரைபடத்தை விரித்து வைத்தால் போதும்.

அடுத்தது சந்திப்பு. ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்துவிடலாம். ஈரடுக்குப் பாலம், மதுரை சாலைக் கடைகள், அலுவலகங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பயணிக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2017இல் நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. 2018 இறுதியில் பழைய நிலையத்தை மூடி இடித்தார்கள். கவனிக்க வேண்டியது இந்தத் தேதியைத்தான். 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். ஸ்மார்ட் சிட்டி வேலைகளுக்கோ தனியாக ஒரு நிறுவனம் இருந்தது. 55 வார்டு கொண்ட ஊரின் பிரதான பேருந்து நிலையத்தை இடித்தபோது, "எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள்?" என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

நிலையம் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் மூடிக் கிடந்தது. ஆற்றங்கரை ஊரில் அடித்தளத்துக்காக ஆழமாகத் தோண்டினால் என்ன வரும்? ஆற்று மணல்தான் வந்தது. அந்த மணல் எங்கே போயிற்று என்ற கேள்வி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போனது. இதற்கிடையே 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சந்திப்புப் பகுதிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே குளத்தில் கட்டியது நனையும், ஊருக்குள் கட்டியது நனையாது என்று இரண்டையும் பிரித்துவிட முடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சந்திப்பு நனைந்தது, கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அதே மழை நாட்களில். தாழ்ந்த குளத்து மண்ணுக்கு அவ்வளவு பெரிய மழை தேவையில்லை.

அவ்வளவு ஆழமாக ஏன் தோண்ட வேண்டும்? கீழே வாகன நிறுத்தம், மேலே கடைகள். பேருந்து நிலையம் என்ற பெயரில் வணிக வளாகம். மாநகராட்சியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கடை வாடகை, வாகன நிறுத்தக் குத்தகை, கழிப்பறைக் குத்தகை, பேருந்து நுழைவுக் கட்டணம் என்று நிலையத்தின் வரவெல்லாம் இப்படித்தான் வருகிறது. ஊருக்குள் கடை என்றால் ஏலத்தில் போட்டி இருக்கும். வெளியே என்றால் ஆளே வராமல் மறு ஏலம் விட வேண்டியிருக்கும். வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் சந்திப்புதான் ஜெயிக்கும்.

இரு தரப்புக் கணக்கிலும் ஏறாத ஒரு செலவு இருக்கிறது. நான் அதை இரண்டாவது டிக்கெட் என்று சொல்வேன். வேய்ந்தான்குளத்தில் இறங்கியவர் சந்திப்புக்குப் போக இன்னொரு டிக்கெட் எடுக்கிறார். அந்தக் காசு போக்குவரத்துக் கழகத்துக்குப் போவதால் மாநகராட்சியின் எந்தக் கூட்டப் பொருளிலும் அது வராது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த அளவுக்கு இந்தச் செலவு குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பூக்கூடையோடு சங்கரன்கோவிலிலிருந்து வரும் பெண் கூடையை இரண்டு முறை ஏற்றி இரண்டு முறை இறக்குகிறார், அடுத்த வண்டிக்குக் காத்து நிற்கிறார். இடம் தேர்ந்தெடுப்பவர்கள் நிலத்தின் விலையோடு இதையும் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பெருக்கி எழுதினால், இலவசப் புறம்போக்கு எவ்வளவு இலவசம் என்பது தெரிந்துவிடும்.

என்னிடம் ஓட்டு இருந்தால் தென்காசி, சங்கரன்கோவில், பாபநாசம் வண்டிகளுக்குச் சந்திப்புதான் கடைசி நிறுத்தம். நாகர்கோவில் பக்கத்து வண்டிகளுக்கு வேய்ந்தான்குளம் இருக்கட்டும். கட்டியதை இனி இடிப்பதற்கில்லை. ஆனால் மிச்சக் குளத்தில் ஒரு சென்ட்கூட விரிவாக்கத்துக்குத் தரமாட்டேன். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், நீர்நிலைகள் பற்றிய 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகு அப்படிக் கேட்பதே கூச்சத்துக்குரியது. புதிதாகப் பணம் வந்தால் வண்ணார்பேட்டைக்குத்தான். அதை நிலையம் என்று யாரும் திறந்து வைக்கவில்லை; இறங்குகிறவர்களே ஆக்கிக்கொண்டார்கள். நிழலும் கழிப்பறையும் பேருந்து நிற்க ஒதுக்கமும் போதும். அதற்குக் குளமும் வேண்டாம், அடித்தளமும் வேண்டாம்.

பெரியவர் அங்கேதான் இறங்கினார். எக்ஸ்ரே உறை மடங்கிவிடாமல் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு டவுன் பஸ்ஸின் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.