ஏற்காட்டு நர்சரிகளில் தொங்கும் குடுவைக் கொடி: வாங்கலாமா?

ஏற்காட்டில் ரோட்டோர நர்சரி எதிலும் ஆர்க்கிட், பெகோனியா வரிசைக்கு மேலே கம்பியில் நாலைந்து தொட்டி தொங்கும். இலை நுனியிலிருந்து சிவப்பும் பச்சையுமாகக் குடுவைகள். "பூச்சி சாப்பிடும் செடி சார், ரேர் வெரைட்டி, மேகாலயாவிலிருந்து வந்தது" என்பார்கள். செடி நல்ல செடிதான். மேகாலயா கதையை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்படித் தொங்குவது பெரும்பாலும் வென்ட்ராட்டா என்ற கலப்பினம். இதன் தாயும் தகப்பனும் பிலிப்பைன்ஸ் மலைக்காட்டுக் கொடிகள். குடுவையின் அடி பருத்து, நடுவில் இடுப்புப் பிடித்து, மேலே சிவந்திருந்தால் இதுதான். வெட்டித் துண்டு நட்டாலே வேர்விடும், திசு வளர்ப்பிலும் ஆயிரக்கணக்கில் பெருக்குகிறார்கள். அதனால்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதிதாக வளர்ப்பவருக்குக் குடுவைக் கொடிகளில் இதைவிடத் தாக்குப்பிடிக்கும் கொடி கிடையாது.

உண்மையான மேகாலயாக் கொடி நெப்பந்தஸ் காசியானா. நெப்பந்தஸ் என்பது இந்தக் குடுவைக் கொடிகளின் அறிவியல் பெயர். காரோ, காசி, ஜெயின்டியா மலைகளில் மட்டும் வளர்வது. இந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே குடுவைக் கொடி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, அருகிவரும் உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. உரிமச் சீட்டு இல்லாமல் யாராவது அதையே தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். காட்டில் பிடுங்கியதாக இருக்கலாம். அதைப் பார்க்க ஆசையா, ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. நர்சரிக்குப் போகுமுன் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

ஆன்லைனில் இன்னொரு தொல்லை, போலி விதை. 2022இல் போர்னியோ தீவின் வட கலிமந்தானில் நெப்பந்தஸ் பூடிகா என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். 1100 முதல் 1300 மீட்டர் உயரத்து மலைமுகட்டில் வளரும் கொடி. குடுவைகளை மண்ணுக்கடியிலும் பாசிக்கடியிலும் விட்டு எறும்பு, உண்ணி, வண்டுகளைப் பிடிக்கிறது. உலகத்தில் வேறெந்தக் குடுவைக் கொடியும் இப்படிச் செய்து அறியப்படவில்லை; கேட்டாலே மனம் சிலிர்க்கும் கண்டுபிடிப்பு. செய்தி பரவுகிற இந்த மாதிரிப் பெயர்களை வைத்து விதைப் பாக்கெட் விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். நெப்பந்தஸ் விதை நூலிழை போல மெலிந்தது, சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும். உருண்டையாகவோ தட்டையாகவோ வந்தால் அது வேறெதோ விதை.

நர்சரியில் தொட்டியைக் கையிலெடுத்ததும் குடுவைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கொழுந்தைப் பாருங்கள். புதிய இலையின் நுனியில் பற்றுக்கம்பி நீண்டு, அதன் முனையில் மிளகளவு பச்சை மொட்டு உப்பியிருந்தால் அந்தச் செடிக்கு இடம் பிடித்திருக்கிறது. பழைய குடுவை மூடியிலிருந்து காய்ந்து வருவது இயல்பு. மொட்டே கருகியிருந்தால் வேண்டாம். இலைக்கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. வேர் கறுப்பாக இருக்கிறதென்று பயந்துவிட வேண்டாம், இந்த இனத்துக்கு வேரே கறுப்பும் மெல்லிசும்தான். விரலால் இழுத்தால் தோல் உரிந்து கொழகொழவென்று வந்தால்தான் அழுகல்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் குடுவைத் தண்ணீர் கொட்டிவிடும். வாயில் கொஞ்சம் பஞ்சு அடைத்து எடுத்து வாருங்கள். கொட்டிப்போனால் கால் குடுவைக்கு மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் போதும். எறும்பைப் பிடித்துப் போட வேண்டியதில்லை; கோழித்துண்டு போட்டால் குடுவை அழுகும்.

சேலத்தில் இந்தக் கொடி சாவது வெயிலைவிடத் தண்ணீராலேயே அதிகம். மேக்னசைட் வெட்டுகிற ஊர் இது, போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதில் இருக்கும் உப்பு தொட்டிக் கலவையில் தங்கித் தங்கி வேரைத் தீய்க்கும். முதலில் குடுவை வருவது நிற்கும், பிறகு இலை விளிம்பு பழுப்பாகும், அப்புறம்தான் செடி வாடும். அதனால் காரணம் தெரியாமலேயே பலர் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், செடியின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். 50 பிபிஎம்முக்குள் இருந்தால் உத்தமம், 100 வரை பரவாயில்லை. மழைத்தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர் மூன்றும் ஆகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் ஆகவே ஆகாது. கேன் தண்ணீரில் தாது உப்பு சேர்த்திருப்பார்கள், அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

தொட்டி மாற்றும்போது ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தொட்டி சுண்ணாம்பு விடும், மண் தொட்டி உப்பைப் பிடித்துவைக்கும். ஸ்பேக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல் ஒரு பங்கு. பாசி விலை அதிகமென்றால் பாதியைத் தென்னை மட்டைச் சில்லாக மாற்றலாம். சில்லை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மீட்டரில் அளவு இறங்கும்வரை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். செம்மண், மண்புழு உரம், சாணம், டிஏபி எதுவும் வேண்டாம். கலவை எப்போதும் ஈரமாக இருக்கட்டும், தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

ஏற்காட்டில் வராந்தாவில் தொங்கவிட்டாலே போதும். சேலத்தில் கிழக்குப் பார்த்த பால்கனி, 50 சதவீத நிழல்வலை. மேற்கு வெயில் பட்டால் இலை பொசுங்கும். அதற்காக ஹாலுக்குள் வைத்தால் இலை கரும்பச்சையாக நீண்டுகொண்டே போகும், குடுவை வராது. ஏசி ரூமில் மொட்டு காய்ந்துவிடும்.

வயதானதும் தண்டு நீண்டு ஏறத் தொடங்கும். அப்போது வரும் மேல் குடுவைகள் புனல் வடிவில் மெலிந்திருக்கும், பற்றுக்கம்பி கிடைத்ததைச் சுற்றிக்கொள்ளும். மூங்கில் குச்சி ஒன்று நட்டுவிடுங்கள். அடித்தண்டு மொட்டையானால் மேலே வெட்டி, இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப்பாசியில் நட்டு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஓரிரு மாதத்தில் வேர்விடும். அடியிலிருந்தும் புதுக்கிளை கிளம்பும்.

ஏற்காட்டில் வீடு இருந்தால் தயங்காமல் வாங்கலாம். சேலத்தில் இருப்பவர்கள் ஆர்.ஓ.வோ மழைத்தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். மார்ச் முதல் மே வரை வேண்டாம், மழை பிடித்த பிறகு வாங்கினால் அடுத்த கோடைக்குள் வேர் ஊன்றிவிடும்.