போர்வைக்கு எவ்வளவு நூல் வாங்குவது? சமையலறைத் தராசோடு பல வருட அனுபவம்

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில், போர்வை போட ஆரம்பிக்கும் யாருக்கும் நான் முதலில் வாங்கச் சொல்வது ஊசி செட்டை அல்ல, டிஜிட்டல் சமையலறைத் தராசைத்தான். ஒரு கிராம் வரை காட்டினால் போதும். பல வருடங்களாக இதை வைத்துத்தான் நூல் கணக்குப் போடுகிறேன், வேறு எந்த வழியும் எனக்கு இவ்வளவு ஒத்துவந்ததில்லை.

'குழந்தைப் போர்வைக்கு இத்தனை மீட்டர்' என்று சொல்லும் அட்டவணைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நம் கை இறுக்கமா தளர்வா, ஊசி எத்தனை மில்லிமீட்டர், என்ன தையல் என்பதெல்லாம் அட்டவணைக்குத் தெரியாது. பாப்கார்ன் மாதிரி புடைத்து நிற்கும் தையல்கள் நூலை அப்படியே குடித்துவிடும். அதே அளவுப் போர்வையை இடைவெளி விட்ட வலைத் தையலில் போட்டால் பாதி பந்து மிஞ்சினாலும் ஆச்சரியமில்லை.

நான் செய்வது இதுதான். முதலில் ஒரே ஒரு பந்து வாங்குவேன். போர்வைக்கு எந்தத் தையலோ, எந்த ஊசியோ, அதிலேயே 20 செ.மீ. சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி நிறுப்பேன். சரியாக 20 வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 19க்கு 21 வந்தால் அதையே பெருக்கிப் பரப்பை எடுத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு 20க்கு 20 துண்டு 22 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 75க்கு 90 செ.மீ. குழந்தைப் போர்வையின் பரப்பு 6,750 சதுர செ.மீ. துண்டின் பரப்பு 400. வகுத்து 22ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 371 கிராம். பத்து சதவீதம் கூட்டினால் 408. ஓரத்துக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்து, 100 கிராம் பந்து ஐந்தாக வாங்கிவிடுவேன். துண்டைப் பிரித்தால் அந்த நூலும் கைக்கு வந்துவிடும்.

பலர் 10 செ.மீ. துண்டே போதும் என்பார்கள். தையல் எண்ண அது சரி, நிறுக்கப் போதாது. அந்தச் சின்னத் துண்டு ஐந்து ஆறு கிராம்தான் இருக்கும். தராசு அரை கிராம் முன்னே பின்னே காட்டினாலும் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பிசகிவிடும். 20 செ.மீ. துண்டில் அதே அரை கிராம் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் வரும்.

'கொஞ்சம் பெரிசா போடேன்' என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அங்கேதான் கணக்கு மாறும். மேலே சொன்ன போர்வையை நீளத்திலும் அகலத்திலும் 15 செ.மீ. மட்டும் கூட்டிப் பாருங்கள். நூல் 40 சதவீதம் கூடிவிடும். நடுவிலிருந்து வளரும் கிரானி ஸ்கொயர் போர்வையில் இது இன்னும் ஏமாற்றும். ஒரு மீட்டர் போர்வை 50 செ.மீ.க்கு வந்ததும் பாதி முடிந்த நிறைவு வரும், ஆனால் செலவானது கால் பங்கு நூல்தான். பக்கம் 71 செ.மீ. ஆகும்போதுதான் பாதி நூல் தீர்ந்திருக்கும். அதனால் இந்த வகைப் போர்வைக்கு 'இருப்பதை வைத்து ஆரம்பிப்போம், அப்புறம் பார்க்கலாம்' என்பது ஆகாது.

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து உருவாக்கி கின்னஸ் சாதனையான குரோஷே போர்வை 11,148.5 சதுர மீட்டர். என் துண்டின் கணக்கில் சதுர மீட்டருக்கு 550 கிராம். அந்த அடர்த்தியில் போட்டால் அவ்வளவு பெரிய போர்வைக்கு ஆறு டன்னுக்கு மேல் நூல் வேண்டும்! எத்தனை கைகள் சேர்ந்து உழைத்திருக்கும் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பல நிறம் சேர்க்கும்போது ஒவ்வொரு நிறப் பந்தையும் வரிசை போடும் முன்பும் பின்பும் நிறுங்கள். ஒரு பட்டைக்கு எத்தனை கிராம் போகிறது என்று தெரிந்துவிட்டால், மீதிப் பந்தில் எத்தனை பட்டை வரும் என்பதும் தெரிந்துவிடும். நிறம் மாற்றும் இடத்தில் விடும் வால்களும் (தொங்கும் நூல் நுனிகள்) சேர்ந்து கணிசமான எடை ஆகும், மாதிரித் துண்டில் அது தெரியாது. கிரானி சதுரங்களுக்கு நான் பதினைந்து சதவீதம் கூட்டுவது அதனால்தான்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. நூலை மாற்றினால் பழைய கணக்கு உதவாது. அக்ரிலிக்கில் போட்ட போர்வையைப் பருத்தியில் போட்டால் அதே தடிமனுக்கு எடை கூடும், புதிதாகத் துண்டு பின்னித்தான் ஆகவேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் பெரிய போர்வையில் கை இறுக்கமும் மாறும். கால்வாசி முடிந்ததும் போர்வையையே தராசில் வைத்து மறுபடி கணக்குப் பார்ப்பது என் வழக்கம்.

லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கு லேபிளில் போடும் எண்ணை, தராசு காட்டாது. ஆன்லைனில் ஒரே ஆர்டரில் வாங்கிய பந்துகள் இரண்டு லாட்டில் வந்து, பகல் வெளிச்சத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்த அனுபவம் எனக்கு உண்டு. துண்டை எடை பார்த்த அன்றே மீதிப் பந்துகளை வாங்கிவிடுங்கள். கடைக்காரரிடம் முன்பே சொன்னால் சிலர் அந்த லாட்டை ஒதுக்கி வைப்பார்கள். போர்வை முடிந்ததும் லேபிளோடு ஒரு 20 கிராம் நூலை எடுத்து வையுங்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் அதே நிறத்தில் சரிசெய்யலாம்.