சாவி சூப்பர்வைசரிடம் இருக்கிறது

சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறார். வெளியே போனால் சக்கர நாற்காலிதான். பேத்திக்குத் தன் கையால் பாவாடை சட்டை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால், சென்னையில் ஒரு பெரிய மாலுக்குக் கிளம்பினோம். புறப்படும் முன் காபி கொடுத்தேன். "வேண்டாம்டி, அங்க போய் பாத்ரூம் தேடணும்" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடித்தளப் பார்க்கிங்கில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடங்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் கார்கள். ஒன்றிலிருந்து இளம் தம்பதி இறங்கி வேகமாக நடந்து போனதை நாங்களே பார்த்தோம். தம்பி கேட்டதற்குக் காவலாளி, "சொன்னா சண்டைக்கு வர்றாங்க சார். எங்க பேச்சை யாரு கேக்குறா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் அந்த இடத்தில் வண்டி விட வேண்டுமென்றால் அதற்கான அட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே எல்லாச் சுமையும் அந்த ஒரு மனிதரின் தொண்டையில் நிற்கிறது.

லிஃப்டுக்கு வெகுநேரம் நின்றோம். நல்ல காலுள்ளவர்கள் நிரம்பி வந்தார்கள். இது சிங்கப்பூரிலும் நடப்பதுதான்.

என்னை உலுக்கியது கழிப்பறை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிப்பறை, அகலக் கதவு, புதுப் பலகை. ஆனால் பூட்டு. துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி, "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குங்கம்மா, கூப்பிடுறேன்" என்று ஓடினார். பதினைந்து நிமிடம். அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் பார்த்தால் உள்ளே நான்கு மாப், ஃபினாயில் கேன்கள், டிஷ்யூ அட்டைப்பெட்டிகள். சுவரில் இருந்த கைப்பிடிக் கம்பியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்மணியே ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்தார். "எங்களுக்குச் சாமான் வைக்க வேற எடம் கொடுக்கலைம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். கடைக்கு விடக்கூடிய ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை வருகிறது; மாப் வைக்கும் அறைக்கு வராது. அதனால்தான் எங்கள் கதவுக்குப் பூட்டு.

அதே மாலில் மேல்தளத் திரையரங்கு வாசலில் அம்மாவின் பையைத் துழாவி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். அங்கே காவல் கண்டிப்பு. துணிக்கடை பில் போடும் இடத்தில் செல்போன் எண் தராமல் பில் வராது என்றார்கள். கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2023லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியிருக்கிறது என்றதும் எண் இல்லாமலே வந்தது. மனம் வைத்தால் ஒரு விதியை நடத்திக்காட்ட முடியும் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கட்டடங்களுக்கும் பொருந்தும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயத் தரங்களை வகுக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. கட்டடம் கட்டும்போது வரைபடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கட்டி முடித்த பிறகு அது திறந்திருக்கிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்?

நல்லதையும் சொல்ல வேண்டும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அதில் அம்மாவை அலைக்குப் பக்கம்வரை தள்ளிக்கொண்டு போனேன். அன்று திரும்பும் வழியில் இளநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலின் நிர்வாக அறையில் புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி, இரண்டே விஷயம் எழுதினேன்: சாமான்களுக்கு வேறு இடம், பகல் முழுக்கப் பூட்டாத கதவு. நான் விமானம் ஏறும்வரை பதில் இல்லை. அடுத்த மாதம் தம்பி நேரில் போய்க் கேட்கிறான். அப்போதும் பூட்டியிருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு கொடுக்கப்போகிறோம். மனு எழுதி வைத்தாயிற்று. அம்மா கையெழுத்தும் போட்டுவிட்டார்.