பிரஷா, கட்டளையா: குட்டியை எது காட்டித்தருகிறது?

எங்கள் ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு மூன்று மாதம். காலையில் ரப்பர் பிரஷால் தேய்த்துவிடுகிறேன். மாலையில் ‘உட்கார்’, ‘வா’ பழக்குகிறேன்.

குட்டியை எனக்கு அதிகம் புரியவைத்தது பிரஷ்தான். முதுகில் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்கிறது. பின்னங்காலின் பாதத்தைத் தொட்டால் உதட்டை நக்குகிறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கிறது. சோம்பல் அல்ல, அச்சம். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அமுக்கிப் பிடித்து நகம் வெட்டினால் அடுத்த முறை பல் படும். உண்ணி, காதின் நாற்றம், வலிக்கும் இடம் எல்லாம் இப்படித் தொட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவருகின்றன.

கட்டளைப் பயிற்சி காட்டுவது குட்டியின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை. ஐந்து நிமிடம் போதும்.

கூப்பிட்டு வராத குட்டியைப் பிடிவாதக்காரன் என்று திட்டாதீர்கள். ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பின்னால் சற்றுத் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். காது கேளாத குட்டியும் கைச்சைகையில் அழகாகக் கற்றுக்கொள்ளும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பிரஷையே எடுப்பேன். சாலையோர வீடாக இருந்தால் மட்டும் ‘வா’ முதலில்.